கிட்டத்தில் எடுக்காத கேமரா

18.1.2024 வியாழன்

கேமரா வந்துவிட்டது. கூரியர்க்காரன் வாசலில் நின்றுகொண்டு, வீட்டில் படித்தவர்கள் யாராவது இருந்தால் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றான். அட்டைப்பெட்டி மேலே உலகம்மாள் என்று பெயர் போட்டிருக்கிறது, அந்த உலகம்மாள் நான்தான் என்று சொல்லி நானே போட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் கையெழுத்தில் ஒரு எழுத்து சாயாது. மருமகள் செண்பகம் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் எழுதினால் கோழி கிண்டினது மாதிரி இருக்கும்.

அனுப்பியது பேத்தி சுபிதா. மார்கழி முழுக்க நான் போட்ட கோலங்களை செல்போனில் எடுத்து அனுப்பினேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு இந்த யோசனை. அவளுக்கு இது ஏழாம் மாதம். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி கோவில்பட்டியில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வெளியாள் யாரும் படம் எடுக்க வேண்டாமாம். "நீங்கதான் எடுக்கணும் ஆச்சி. அதுக்குள்ள பழகிக்கோங்க. எது நல்லா இருக்கு, எது நல்லா இல்லன்னு குறிச்சு வைங்க. சரியில்லன்னா மாத்திரலாம்" என்றாள் போனில். மகன் சிவசு ஆபீசில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

முதல் குறிப்பு: கனம். வெங்காயம் ஒரு கிலோ நிறுத்துக் கழுத்தில் கட்டினது போல இருக்கிறது.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். வளையல் போடுகிற வரிசையில் எனக்கு எந்த இடம் என்று கேட்க வேண்டும். அந்தக் கையில் முதன்முதலாகக் கருப்பு வளையல் போட்டது நான். அவள் அப்போது பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூன்றாம் மாதம் செண்பகம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது எல்லாம் நான்தான். இப்போது ரெண்டு வளையல் நான் போட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

19.1.2024 வெள்ளி

புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் பொட்டு வைக்காமல் எடுக்கக் கூடாது என்று செண்பகம் சந்தனம் குங்குமத்தோடு வந்தாள். பெட்டிக்கு வைத்தால் போதாதா. மூடியைக் கழற்றி, நெற்றி இதுதானே என்று முன்கண்ணாடியிலேயே வைத்துவிட்டாள். எம்.ஏ. படித்தவள். எடுத்த படமெல்லாம் பனி பெய்தது மாதிரி விழுந்தது. கேமரா பழுது, மாற்ற வேண்டும் என்று அவளே முதலில் சொன்னாள். நான் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் ஊதி ஊதித் துடைத்தேன். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே குங்குமம் கிடைத்துவிட்டது இதற்கு.

21.1.2024 ஞாயிறு

கூட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். தமிழில் ஒருவன் செல்போனில் விளக்கம் சொல்கிறான், ஆனால் பாதி நேரம் தன் பெருமையைத்தான் பேசுகிறான். நானே திருகிப் பார்த்தேன். மேலே ஒரு சக்கரம். அதில் பொடிப் பொடியாகப் படம். முகம் போட்டிருந்தால் ஆளை எடுக்க. மலை போட்டிருந்தால் தூரத்தை எடுக்க. ஓடுகிற மனிதன் போட்டிருந்தால், பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் டடக் டடக் என்று எடுத்துக்கொண்டே போகும். படிக்காதவளுக்கும் புரியட்டும் என்று எவனோ நல்ல மனிதன் செய்திருக்கிறான். எனக்குப் பிடித்துவிட்டது.

பொத்தானைப் பாதி அமுக்கினால் உள்ளே சிவப்புப் புள்ளி மின்னும். புள்ளி எதன் மேல் விழுகிறதோ அது தெளிவாக விழும். முழுக்க அமுக்கினால் படம். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது. எனக்கு ஒத்துவருகிறது.

கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம். கை பட்டுத் தானாகச் சுற்றியது. சுற்றினதும் கண்ணாடி போடாமலே எதிர்வீட்டுக் கொடியில் காயும் துண்டின் கரை வரைக்கும் தெரிந்தது. ஆபரேஷன் பண்ணின டாக்டர்கூட எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

24.1.2024 புதன்

கழுத்து வலி. தைலம் தேய்த்தேன்.

27.1.2024 சனி

இன்றைக்குப் பெரிய குறை ஒன்று கண்டுபிடித்தேன். கிட்டப் போனால் இது எடுக்க மாட்டேன் என்கிறது. முருங்கைப் பூவை எடுக்கலாம் என்று பக்கத்தில் கொண்டுபோனேன். உள்ளே என்னவோ உர் உர் என்று முன்னும் பின்னும் ஓடுகிறது, புள்ளி மின்னவில்லை, பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் படம் விழவில்லை. ஒரு முழம் பின்னால் வந்ததும் சட்டென்று எடுத்தது. இன்னும் கிட்டப் போனேன், மறுபடியும் மாட்டேன் என்றது.

சுபிதாவுக்குப் போன் போட்டு, இது பழுதா என்று கேட்டேன். எல்லாம் அப்படித்தானாம். தள்ளி நின்று எடுத்துவிட்டு அப்புறம் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாமாம். உன் கையை, வளையலோடு, கிட்டத்தில் எடுக்கணும் என்று ஆசை என்றேன். "தள்ளி நின்னே எடுங்க ஆச்சி, அதுதான் நல்லா விழும்" என்றாள். பிறகு, கால் வீங்குகிறது என்றாள். உப்பைக் குறை என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். முன்னெல்லாம் அரை மணி நேரம் பேசுவாள். போன வருஷம் ஒன்று தங்காமல் போனதிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பயம் இருக்கும்தான்.

1.2.2024 வியாழன்

செண்பகத்திடம் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. வளையல் போட எனக்கு எத்தனையாவது இடம் என்றேன். அவள் கத்தரிக்காயிலிருந்து நிமிரவில்லை. "நீங்க போட்டோ எடுக்கணும்லா அத்தை. சுபிதா அப்படித்தானே சொல்லியிருக்கா" என்றாள்.

சரிதான். வளையல் போட நூறு பேர் வருவார்கள். கேமராவில் குட்டிச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் செண்பகம் வாயிலிருந்து அது வந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தன் மகளுக்கு நான் தாய்போல இருந்தேன் என்பது அவளுக்கு எப்போதும் உறுத்தல்.

4.2.2024 ஞாயிறு

வெளிச்சம் குறைந்த இடத்தில் எப்படி எடுக்கிறது என்று பார்க்க சாயந்தரம் கேமராவை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போனேன். இருட்டில் ரவை தூவினது போலப் புள்ளி புள்ளியாக விழுகிறது. இல்லாவிட்டால் விளக்கு தானாகத் துள்ளி எழுந்து பளீரென்று அடிக்கிறது. அப்போது நெற்றியெல்லாம் எண்ணெய் வழிகிறது மாதிரி ஆகிவிடுகிறது. குறையாக எழுதிக்கொள்கிறேன். பேட்டரி மட்டும் ரொம்ப நிற்கிறது. அது நிறை.

வழியில் மூன்றாம் வீட்டுப் பாக்கியம் பிடித்துக்கொண்டாள். அவளும் என்னைப் போலத்தான், புருஷன் போய் நாலைந்து வருஷம் ஆகிறது.

"என்ன மைனி, கேமராவும் கையுமா. வளைகாப்புக்கு உங்களுக்கு இந்த வேலையா?"

பேத்தி ஆசையாக வாங்கிக் கொடுத்தாள், என்னைவிட்டால் எடுக்க ஆளில்லை என்றேன்.

"எனக்கு என் பேத்தி விசேஷத்துல அடுப்படி. அவிச்சுக் கொட்டுறதைப் பாத்துக்கோங்கன்னுட்டாவ. உங்க வீட்டுல வசதி, கேமரா குடுக்காவ. நம்மளை எங்கயாவது ஓரமா நிக்க வைக்கணும்லா மைனி. சும்மா நில்லுன்னா நமக்கு வலிக்கும்னு கையில ஒண்ணு குடுத்திருதாவ."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு படம் எடுங்க என்று வேறு முகத்தைக் காட்டினாள். எடுத்தேன். அவளுக்கு வாயும் சரியில்லை, பல்லும் சரியில்லை. என் பேத்தி கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்து பேருக்கு மேலே இருக்கிறவள். பாக்கியத்தின் பேத்தி பத்தாவதில் ரெண்டு தடவை பெயிலானவள். எதை எதோடு சேர்க்கிறாள் பார்.

10.2.2024 சனி

பேட்டரி ஏற்றியாயிற்று. கண்ணாடி துடைத்தாயிற்று. பச்சைப் பட்டு எடுத்து வைத்தேன். செண்பகம் ஏழு வகைச் சாதத்துக்குச் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு வேன்.

சக்கரத்தை எதில் வைப்பது என்று யோசித்து ஓடுகிற மனிதனில் வைத்துவிட்டேன். கை அசைந்துகொண்டே இருக்கும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

11.2.2024 ஞாயிறு

நல்லபடியாக முடிந்தது.

சம்பந்தியம்மா வடிவு வீட்டு முன்னறையில் மணை போட்டு, பின்னால் வாழைக்குருத்தும் செவ்வந்தியும் கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் ஜன்னல் நேர் பின்னால். வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தால் முகம் கருத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். மணையைத் திருப்பிப் போடுங்கள் என்றேன். கிழக்கு பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள். ஜன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிடச் சொன்னேன். தொங்கவிட்டதும் முகம் நன்றாக விழுந்தது. சுபிதா வீட்டுக்காரர் கதிரேசன், "ஆச்சிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார். நல்ல பையன்.

சுபிதா அரக்குச் சேலை கட்டியிருந்தாள். முகம் கொஞ்சம் ஊதி, அழகாக இருந்தாள். வந்ததும் வணங்குகிறேன் ஆச்சி என்று தூரத்திலிருந்தே கும்பிட்டாள். குனிய முடியாதல்லவா.

முதலில் வடிவு, பிறகு அவள் நாத்தனார், பிறகு செண்பகம், பிறகு வரிசையாக. கன்னத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம், ரெண்டு கையிலும் வளையல். பச்சை, சிவப்பு. நான் மணைக்கு நேர் எதிரே நின்றேன். யாரும் என்னை இடிக்கவில்லை. கேமரா வைத்திருந்தால் எல்லாரும் வழி விடுகிறார்கள், அது ஒரு மரியாதைதான்.

நடுவில் ஒரு சின்னக் குழப்பம். அதை எழுத வேண்டியதில்லை.

சாப்பாடு கடைசிப் பந்தியில் கிடைத்தது. புளிச்சாதம் தீர்ந்துவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் தாம்பூலப் பை கொடுத்தார்கள். என் பையில் தேங்காயும் பழமும் இருந்தது. மற்றவர்கள் பையில் வளையல் குலுங்கிற்று. கேமரா கனத்தோடு அதையும் தூக்குவதற்கு இது மேல்.

சுபிதாவைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. வேனில் அவள் முன்னால், நான் பின்னால். செண்பகம் முன்னால் இடம் இருந்தும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நடுவில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். எனக்குத் தாகம் இல்லை என்றேன்.

12.2.2024 திங்கள்

காலையில் பார்த்தால் வளைகாப்புப் படங்கள் எல்லாருடைய செல்போனிலும் ஓடுகின்றன. அங்கே வந்தவர்கள் எல்லாம் அவரவர் போனில் எடுத்து நேற்று மத்தியானமே போட்டுவிட்டார்களாம். பாக்கியம்கூடப் பார்த்துவிட்டாள். என் கேமராவிலிருந்து இன்னும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அம்புக்குறியை அமுக்கினால் அடுத்தது வரும். நேற்று எழுத வேண்டாம் என்று விட்டது இதில் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

வரிசை முடிகிற நேரம். வடிவு என்னைப் பார்த்து, "நீங்களும் வந்து ரெண்டு போடுங்க. வளத்தவங்க நீங்க. இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்கா" என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வீட்டு மனிதர்களிடம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கால் ஒரு அடி முன்னால் போய்விட்டது.

சுபிதா சொன்னாள், "ஆச்சி வந்துட்டா போட்டோ யாரு எடுப்பா அத்தை."

"நான் பிடிக்கேன். ஒரு பொத்தானை அமுக்கத் தெரியாதா" என்று வடிவு கையை நீட்டினாள்.

"வேண்டாம் அத்தை" என்றாள் சுபிதா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அறையில் யாரும் பேசாத நேரம் பார்த்து அது விழுந்துவிட்டது.

என் விரல் பொத்தானிலேயே இருந்திருக்கிறது. எடுக்க மறந்துவிட்டேன். ஓடுகிற மனிதனில் வைத்திருந்ததால் அது பாட்டுக்கு எடுத்துத் தள்ளியிருக்கிறது. ஒரு படத்தில் சுபிதாவின் கை முட்டியில் இருக்கிறது. அடுத்ததில் கண் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. அடுத்ததில் கை பின்னால் போகிறது. அடுத்ததில் பாதிக் கை சேலைக்குள். அடுத்ததில் கை இல்லை, சேலை மட்டும் வயிற்றின் மேல் மேடாக இருக்கிறது. ஒரு படம்கூடக் கலங்கவில்லை. வளையலின் பளபளப்பு வரைக்கும் விழுந்திருக்கிறது.

வேகமாக அசைகிற பொருளை எடுக்க இந்தக் கேமரா நல்லது என்று எழுதிக்கொள்கிறேன்.

இது செண்பகம் சொல்லிக்கொடுத்த பாடம். பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. இங்கிலீஷில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வரும்?

14.2.2024 புதன்

செண்பகம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். சிவசு ஆபீசுக்கு. மத்தியானம் சோறு போடலாம் என்று போனேன். சுபிதா அதற்குள் தானே போட்டுச் சாப்பிட்டுத் தட்டையும் கழுவி வைத்திருந்தாள். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு ஏன் குனிகிறாய் என்றேன். உங்களுக்கு எதற்கு ஆச்சி சிரமம் என்றாள்.

பிறகு என் அறைக்கு வந்து படங்களைக் கேட்டாள். கதிரேசன் கேட்கிறாராம். கேமராவைக் கொடுத்தேன். கட்டிலின் அந்த ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நன்றாக இருக்கு ஆச்சி, ஜன்னல்ல போர்வை போட்டது நல்லதாப் போச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். அம்புக்குறியை அமுக்குகிற சத்தம் நாலைந்து தடவை கேட்டது.

"இதை ஏன் வச்சிருக்கீங்க?"

"நான் எங்க வச்சேன். அதுவா எடுத்தது" என்றேன்.

குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானை அமுக்கினாள். அழிக்கட்டுமா என்று கேமரா ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றாள். அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது ஆச்சி என்றாள்.

அப்போதுதான் கேட்டேன். "கேமரா வாங்கிக் குடுக்கச் சொன்னது உங்க அம்மாதான?"

"அம்மாவுக்குத் தெரியாது. அம்மா உங்களையும் போடச் சொல்லணும்னுதான் சொன்னா. நான்தான் வேண்டாம்னேன்."

அவள் பேச வேண்டும் என்று நான் சும்மா இருந்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்ததில் அது ஒன்றை நன்றாகப் படித்திருக்கிறேன்.

"போன தடவ முதல்ல உங்ககிட்டதான் சொன்னேன் ஆச்சி. நீங்கதான் முதல்ல சீனி போட்டீங்க வாயில. வயித்தைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுனீங்க. பத்து நாள்ல போயிட்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. எனக்கு அது தெரியும். டாக்டரும் சொன்னாங்க. ஆனா பயமா இருக்கு, நான் என்ன செய்ய? உங்க மனசு நோகக் கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் கேமரா வாங்கினேன். நீங்களும் சந்தோஷமா இருந்தீங்க."

அழுதாள். முன்னே என்றால் இழுத்து மடியில் போட்டுக்கொள்வேன். கை எழுந்தது. எழுந்ததைப் பார்த்து அவள் தோள் ஒடுங்கிற்று. கையைக் கொண்டுபோய்த் தலையணையைச் சரி செய்தேன்.

அழுதால் பிள்ளைக்கு ஆகாது, போய்ப் படு என்றேன்.

சாயந்தரம் செண்பகம் வந்ததும் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றேன். இத்தனை நாள் இந்த நோட்டில் அவளைப் பற்றி எழுதினதை எல்லாம் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கையெழுத்து கோழி கிண்டினது மாதிரிதான். அது உண்மை.

15.2.2024 வியாழன்

கேமராவைத் தொடவில்லை.

18.2.2024 ஞாயிறு

கதிரேசன் போனில் முகம் தெரிகிற மாதிரி பேசினார். எல்லாப் படமும் பார்த்தாராம். போட்டோக் கடையில் எடுத்தது மாதிரி இருக்கிறதாம். பிறகு, ஒரு படத்தில்கூட ஆச்சியைக் காணோமே என்றார். சுபிதா என்னைப் பார்க்காமல், ஆச்சிதான எடுத்தாங்க, எப்படி இருப்பாங்க என்றாள். அதுவும் சரிதான் என்று அவர் சிரித்தார்.

போனை வைத்த பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, கேமராவை நான் பிடித்துக்கொள்கிறேன், உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா ஆச்சி என்றாள். அந்தச் சுவர் பக்கம் உட்காருங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாள்.

"நீயும் வந்து பக்கத்துல உக்காரு. செண்பகம் எடுக்கட்டும்" என்றேன்.

செண்பகம் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். சுபிதா ரெண்டு பேரையும் பார்த்தாள்.

"பிறந்த பிறகு எடுத்துக்கலாமே ஆச்சி. இப்ப உங்களை மட்டும் எடுக்கேன்."

"கிழவியைச் சுவத்துப் பக்கம் தனியா உக்கார வச்சுப் படம் எடுக்கது எதுக்குன்னு எனக்குத் தெரியும்ட்டி. மாலைக்கு இப்ப என்ன அவசரம்."

செண்பகம், ஏன் அத்தை இப்படிப் பேசுதீங்க என்றாள்.

நான் போய்க் கேமராவை எடுத்துவந்தேன். மூடி போட்டேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. கேட்டாய் அல்லவா, குறித்து வைத்திருக்கிறேன் என்று வாயாலேயே சொன்னேன். கனம் அதிகம். இருட்டில் ரவை தூவும். கிட்டப் போனால் எடுக்காது, தள்ளி நிற்கத்தான் வேண்டும். மற்றபடி கண்ணும் தெளிவு, வேகமும் நல்ல வேகம், பேட்டரி நிற்கும். பழுது ஒன்றும் இல்லை. மாற்ற வேண்டாம். வைத்துக்கொள் என்றேன்.

"அப்ப தொட்டில் போடுற அன்னைக்கு யாரு ஆச்சி எடுப்பா?"

"யாரையாவது வச்சுக்க. நான் வெறுங்கையோட வருவேன். வந்து எல்லாரும் நிக்கிற இடத்துல நிப்பேன். கையில ஒண்ணும் இருக்காது. என்னை என்ன செய்யணும்னு அன்னைக்கு எல்லாரும் கேக்கிற மாதிரி நீயே சொல்லிக்க."

கேமராவை நீட்டினேன். அவள் ரெண்டு கையையும் கொண்டுவந்தாள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழ் வரைக்கும் வளையல். இவ்வளவு கிட்டத்தில் அதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று என்று மாற்றி மாற்றி.

வாரைப் பிடித்துத் தூக்கி வாங்கிக்கொண்டாள். விரல் படவில்லை.